93 வெற்றியிலிருந்து 121 தோல்விக்கு: ஒரு பேஸ்பால் அணியின் சரிவைப் படிப்பது எப்படி

2024 செப்டம்பர் 27, வெள்ளிக்கிழமை இரவு. டெட்ராய்ட் நகரில் டைகர்ஸ் அணியிடம் சிகாகோ வைட் சாக்ஸ் 4-1 என்று தோற்றது. அந்த வெற்றியோடு டைகர்ஸ் பத்தாண்டுகளுக்குப் பிறகு முதல் முறையாக பிளே-ஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. வைட் சாக்ஸுக்கோ அது சீசனின் 121ஆவது தோல்வி. 1900க்குப் பிந்தைய மேஜர் லீக் (அமெரிக்காவின் முதல்நிலை பேஸ்பால் போட்டி) வரலாற்றில் எந்த அணியும் ஒரே சீசனில் அத்தனை ஆட்டம் தோற்றதில்லை. அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு, 2021இல், இதே அணி 93 ஆட்டம் வென்று ஐந்து அணிகள் கொண்ட தன் டிவிஷனில் முதலிடம் பிடித்திருந்தது.

மூன்றே ஆண்டில் இது எப்படி நடக்கும்? மேனேஜர் (களத்தில் அணியை நடத்தும் பயிற்சியாளர்) சரியில்லை, ஆட்டக்காரர்கள் மனம் விட்டுவிட்டார்கள், முதலாளி பணம் போடவில்லை என்று எளிதாகச் சொல்லிவிடலாம். மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் எவ்வளவு உண்மை என்று அளந்து பார்க்க பேஸ்பாலில் இரண்டு நல்ல கருவிகள் இருக்கின்றன. ஒன்று ஓட்ட வித்தியாசம், மற்றொன்று ‘மாற்று ஆட்டக்காரர் கோடு’. கிரிக்கெட் தெரிந்து பேஸ்பால் தெரியாதவர்களுக்கும் இரண்டும் அரை மணி நேரத்தில் பிடிபடும். வைட் சாக்ஸ் அணியையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம்.

முதலில் 162 என்ற எண்

மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றும் சீசனுக்கு 162 ஆட்டம் ஆடும். மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை ஏறக்குறைய தினமும் ஆட்டம். ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். டிரா கிடையாது, சமநிலையானால் கூடுதல் இன்னிங்ஸ் ஆடித் தீர்ப்பார்கள்.

இவ்வளவு ஆட்டம் ஆடும்போது அதிர்ஷ்டம் இரு பக்கமும் வந்து போகும். பொதுவாக மிக நல்ல அணியும் 60 ஆட்டமளவு தோற்கும், மோசமான அணியும் 60 ஆட்டமளவு வெல்லும். ‘எல்லா அணியும் 54 வெல்லும், 54 தோற்கும், மீதி 54இல்தான் விஷயம்’ என்று பேஸ்பால் உலகில் ஒரு பழைய பேச்சு உண்டு. ஐ.பி.எல். போட்டியில் 14க்கு 4 ஆட்டம் வென்று கடைசி இடத்தில் நிற்கும் அணியைப் பார்த்து யாரும் அதிர்ச்சி அடைவதில்லை. பேஸ்பாலில் 41 வெற்றி, 121 தோல்வி என்பது அதைவிடச் சற்றே குறைந்த விகிதம்தான், நூற்றுக்கு 25. ஆனால் அந்தப் பேச்சு சொல்லும் 54ஐக்கூட எட்டாத சீசன் அது. 162 ஆட்ட நீளத்தில் அந்த விகிதத்தில் தோற்க, அணியின் எல்லா உறுப்பும் ஒரே நேரத்தில் பழுதாகியிருக்க வேண்டும்.

அடிக்கடி குழப்பப்படும் ஒரு விஷயத்தை இங்கேயே தெளிவாக்கிவிடலாம். 121 என்பது தோல்வி எண்ணிக்கையில்தான் நவீன காலச் சாதனை. 1962இல் புதிதாகத் தொடங்கிய நியூயார்க் மெட்ஸ் 40-120 என்று முடித்தது. அதன் வெற்றி விகிதம் 0.250. வைட் சாக்ஸின் விகிதம் 0.253. 1916இல் பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 36-117 என்று இரண்டையும்விடக் கீழே போனது. எனவே ‘வரலாற்றிலேயே மோசமான அணி’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சரியல்ல. மெட்ஸ் பிறந்த குழந்தை, மற்ற அணிகள் விட்டுக்கொடுத்தவர்களை வைத்து ஆடியது. வைட் சாக்ஸ் உச்சத்தில் இருந்து வந்த அணி. அதனால்தான் இதை ஆராய்வதில் பயன் இருக்கிறது.

ஓட்ட வித்தியாசம்: காய்ச்சலைப் பார்க்கும் தெர்மாமீட்டர்

ஒரு சீசனில் அணி எடுத்த ஓட்டங்களிலிருந்து விட்டுக்கொடுத்த ஓட்டங்களைக் கழித்தால் கிடைப்பது ஓட்ட வித்தியாசம். வெற்றி-தோல்விப் பட்டியலைவிட இது அணியின் உண்மை நிலையைச் சரியாகக் காட்டும். காரணம் எளிது. 1-0 வெற்றியும் 11-0 வெற்றியும் பட்டியலில் ஒன்றுதான். ஆனால் 11-0 என்று வெல்லும் அணி நாளையும் வெல்ல வாய்ப்பு அதிகம்.

வைட் சாக்ஸின் நான்கு ஆண்டுக் கணக்கு இது:

2021: எடுத்தது 796, கொடுத்தது 636, வித்தியாசம் +160. முடிவு 93-69.
2022: எடுத்தது 686, கொடுத்தது 717, வித்தியாசம் -31. முடிவு 81-81.
2023: எடுத்தது 641, கொடுத்தது 841, வித்தியாசம் -200. முடிவு 61-101.
2024: எடுத்தது 507, கொடுத்தது 813, வித்தியாசம் -306. முடிவு 41-121.

இதை வெற்றியாக மாற்ற ஒரு கைக்கணக்கு இருக்கிறது. 10 ஓட்டம் என்பது ஏறக்குறைய ஒரு வெற்றி. 162இல் பாதி 81. அதிலிருந்து கூட்டியோ கழித்தோ பாருங்கள். 2021இல் 81+16, அதாவது 97 வெற்றி வந்திருக்க வேண்டும், வந்தது 93. 2022இல் 78 வர வேண்டியது 81 ஆனது. 2023இல் 81-20, சரியாக 61. 2024இல் 50 வந்திருக்க வேண்டும், வந்தது 41தான்.

இன்னும் துல்லியமாக வேண்டுமென்றால் பில் ஜேம்ஸ் என்ற புள்ளியியல் ஆர்வலர் உருவாக்கிய பைதாகரஸ் சூத்திரம் இருக்கிறது. எடுத்த ஓட்டத்தின் வர்க்கத்தை, எடுத்ததன் வர்க்கமும் கொடுத்ததன் வர்க்கமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 2024க்குச் செய்து பார்ப்போம். 507ஐ 507ஆல் பெருக்கினால் 2,57,049. 813ஐ 813ஆல் பெருக்கினால் 6,60,969. இரண்டும் சேர்ந்து 9,18,018. முதல் எண்ணை இதனால் வகுத்தால் 0.28. அதை 162ஆல் பெருக்கினால் 45 வெற்றி. வர்க்கத்துக்குப் பதில் 1.83 என்ற அடுக்கைப் போட்டால் கணிப்பு இன்னும் நெருங்கி வருகிறது என்று பின்னாளில் கண்டுபிடித்தார்கள். அப்படிச் செய்தால் 48 வரும்.

மூன்று முறையிலும் ஒரே செய்திதான். 2024 அணி துரதிர்ஷ்டமும் பட்டது, அதன் அளவு நான்கிலிருந்து ஒன்பது ஆட்டம் வரை. மீதி எல்லாம் அணியின் தரம். அதிர்ஷ்டம் சமமாக இருந்திருந்தாலும் 110க்கு மேல் தோற்றிருக்கும்.

2022 வரியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலர் 2024இல் அணி திடீரென உடைந்தது என்று நினைக்கிறார்கள். ஓட்டக் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. +160இலிருந்து -31, அதாவது 191 ஓட்டச் சரிவு, 2022லேயே நடந்துவிட்டது. நான்கு ஆண்டில் நடந்த ஆகப்பெரிய ஒற்றை ஆண்டுச் சரிவு அதுதான். அடுத்த ஆண்டு 169, அதற்கடுத்து 106. 81-81 என்ற சமநிலைப் பட்டியல் அந்தச் சரிவை மூடி மறைத்துவிட்டது. காய்ச்சல் 2022இல் வந்தது, படுக்கையில் விழுந்தது 2024இல்.

மாற்று ஆட்டக்காரர் கோடு

ஒரு அணியில் எல்லா முதன்மை ஆட்டக்காரர்களும் ஒரே நாளில் காணாமல் போய்விட்டதாக வைத்துக்கொள்வோம். அந்த இடங்களை அதிகச் செலவில்லாமல் உடனே யாரை வைத்து நிரப்பலாம்? மேஜர் லீக்கின் அடுத்த படியான டிரிபிள்-ஏ லீக்கில் இருப்பவர்கள், வேறு அணிகள் கைவிட்டவர்கள், குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வரத் தயாராக இருப்பவர்கள். 2024இல் அந்தக் குறைந்தபட்சம் ஆண்டுக்கு 7,40,000 டாலர். இப்படிப்பட்டவரைத்தான் மாற்று ஆட்டக்காரர் என்கிறார்கள். ஒருவர் இவரைவிட எத்தனை வெற்றி கூடுதலாகத் தருகிறார் என்று அளப்பதுதான் ‘வார்’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் மதிப்பீடு.

அணி முழுக்க மாற்று ஆட்டக்காரர்களே இருந்தால் எத்தனை வெல்லும்? புள்ளிவிவரத் தளங்கள் ஒப்புக்கொண்ட அளவு 0.294. அதாவது 162க்கு ஏறக்குறைய 48. இந்த எண் வந்த வழியும் பார்க்க அழகானது. 30 அணிகள் தலா 162 ஆட்டம் ஆடினால் மொத்தம் 2,430 ஆட்டம், 2,430 வெற்றி. அதில் 1,000 வெற்றியை உண்மையான மேஜர் லீக் திறமைக்கு ஒதுக்கினார்கள். மீதி 1,430ஐ 30 அணிகளுக்குப் பகிர்ந்தால் தலைக்கு 48க்குச் சற்றுக் குறைவு.

2024 வைட் சாக்ஸ் வென்றது 41. ஓட்டக் கணக்கின்படி பார்த்தாலும் 45இலிருந்து 50க்குள். அந்த அணி ஏறக்குறைய மாற்று ஆட்டக்காரர் கோட்டிலேயே நின்றிருக்கிறது, துரதிர்ஷ்டம் அதைக் கோட்டுக்குக் கீழே தள்ளியிருக்கிறது. ‘அவர்கள் ஏன் இவ்வளவு தோற்றார்கள்’ என்ற கேள்வி இப்போது வேறாகிறது: 93 வென்ற அணியில் இருந்த ஆட்டக்காரர்களின் இடத்துக்கு, மூன்றே ஆண்டில், எப்படி மாற்று ஆட்டக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள்?

2021 அணி எப்படிக் கட்டப்பட்டது

2016 டிசம்பரில் வைட் சாக்ஸ் தன் தலைசிறந்த பிட்சர் (பந்து எறிபவர்) கிறிஸ் சேலை பாஸ்டனுக்கு அனுப்பி யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் உள்ளிட்ட இளைஞர்களை வாங்கியது. அதே வாரத்தில் ஆடம் ஈட்டனை வாஷிங்டனுக்குக் கொடுத்து லூக்கஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் ஆகியோரை எடுத்தது. 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊரின் மறுபக்கத்து அணியான கப்ஸுக்கு அனுப்பி எலோய் ஹிமேனஸையும் டிலன் சீஸையும் பெற்றது. கியூபாவிலிருந்து லூயிஸ் ராபர்ட் 26 மில்லியன் டாலர் போனஸுக்கு வந்தார்.

இளைஞர்களை ஏன் இப்படிக் குவிக்கிறார்கள் என்பதற்கு ஒப்பந்த விதி காரணம். மேஜர் லீக்கில் ஒருவர் முழுதாக ஆறு ஆண்டு ஆடிய பிறகே விரும்பிய அணிக்குப் போகலாம். முதல் மூன்று ஆண்டு குறைந்தபட்சத்தை ஒட்டிய சம்பளம், அடுத்த மூன்று ஆண்டு நடுவர் தீர்ப்பின் வழியே படிப்படியாக ஏறும் சம்பளம். ஆகவே ஐந்தாறு இளைஞர்கள் ஒரே நேரத்தில் முதிர்ந்தால், ஒரு அணிக்கு ஐந்தாறு ஆண்டு மலிவான நல்ல காலம் கிடைக்கும். அமெரிக்கர்கள் இதை ஜன்னல் திறந்திருக்கும் காலம் என்பார்கள். வைட் சாக்ஸ் இந்த ஜன்னலை நீட்டவும் பார்த்தது. ஹிமேனஸ் மேஜர் லீக்கில் ஒரு பந்துகூட ஆடாத 2019 மார்ச்சிலேயே 6 ஆண்டுக்கு 43 மில்லியன், ராபர்ட்டுக்கு 2020 ஜனவரியில் 6 ஆண்டுக்கு 50 மில்லியன், மொன்காடாவுக்கு 5 ஆண்டுக்கு 70 மில்லியன்.

அன்று இது புத்திசாலித்தனமாகப் பேசப்பட்டது, உண்மையில் பேரம் நல்ல பேரம்தான். ஆனால் இந்தத் திட்டத்துக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. பணம் கட்டப்பட்ட மூன்று பேரும் ஆட வேண்டும். ஆடாத நாளில் அடுத்து ஆட ஆள் இருக்க வேண்டும்.

2021லேயே இருவர் ஆடவில்லை. ஹிமேனஸ் சீசன் தொடங்கும் முன்பே மார்புத் தசைநார் கிழிந்து 55 ஆட்டம்தான் ஆடினார். ராபர்ட் இடுப்புத் தசை கிழிந்து 68 ஆட்டம். அப்படியும் 93 வெற்றி வந்ததற்குக் காரணம் பிட்சர்கள். ஒரு அணிக்கு ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்கள் ஐந்து பேர் வேண்டும். ஒவ்வொருவரும் ஐந்து நாளுக்கு ஒருமுறை எறிவார்கள். 2021இல் சீஸ் 32, ஜியோலிட்டோ 31, டல்லஸ் கைகல் 30, லான்ஸ் லின் 28, கார்லோஸ் ரோடோன் 24 என்று, 162இல் 145 ஆட்டங்களை அந்த ஐந்து பேரே தொடங்கினார்கள். ஐந்து பேரின் தோளும் முழங்கையும் ஒரே ஆண்டில் இப்படித் தாங்குவது மிக அரிது. அது அடுத்த ஆண்டும் நடக்கும் என்று நம்பித் திட்டமிடக் கூடாது.

இன்னொரு மறைப்பும் இருந்தது. அந்த டிவிஷனில் இரண்டாம் இடம் வந்த கிளீவ்லாண்ட் 80-82. அதாவது வைட் சாக்ஸைத் தவிர மற்ற நான்கு அணிகளும் பாதிக்கு மேல் தோற்றவை. 13 ஆட்ட முன்னிலையில் டிவிஷன் வென்ற அணியைப் பார்த்து, எதையும் மாற்ற வேண்டாம் என்று தோன்றுவது இயல்பு. பிளே-ஆஃபில் ஹூஸ்டன் 3-1 என்று வெளியேற்றியதை ஒரு வாரக் கோளாறாக எடுத்துக்கொண்டார்கள்.

ஓட்டை எங்கே விழுந்தது

முதல் ஓட்டை ரோடோன். 2021இல் 132 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக 2.37 ஓட்டம்தான் கொடுத்தார். ஏப்ரலில் கிளீவ்லாண்டுக்கு எதிராக ஒரு ஹிட்கூட (பேட்டர் பந்தை அடித்துப் பத்திரமாக பேஸ் சேர்வது) விடாமல் முழு ஆட்டத்தை முடித்தார். ஒப்பந்தம் முடிந்ததும் அவரைத் தக்கவைக்கும் ஓராண்டு ஒப்பந்தத்தைக்கூட அணி முன்வைக்கவில்லை. அதை முன்வைத்து அவர் மறுத்துப் போயிருந்தால் புதிய ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் அடுத்த டிராஃப்டில் ஈடாக ஒரு தேர்வாவது கிடைத்திருக்கும். அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் 2022இல் 237 ஸ்டிரைக்-அவுட் (பேட்டர் பந்தை அடிக்க முடியாமல் அவுட் ஆவது) எடுத்தார். தோள் வலி அச்சம் நியாயமானதே. ஆனால் அவருடைய 24 ஆட்டங்களை யார் தொடங்குவார் என்பதற்கு அணியிடம் பதில் இல்லாமல் இருந்தது நியாயமில்லை.

இரண்டாவது ஓட்டை பீல்டிங். பேட்டர்கள் ஓடிச் சேர வேண்டிய நான்கு பேஸ்களில் முதலாவதான ஃபர்ஸ்ட் பேஸில் நிற்கத் தகுந்த, கனமான, வேகம் குறைந்த பேட்டர்கள் அணியில் அதிகம் சேர்ந்துவிட்டார்கள். ஹோசே அப்ரேயு, ஆண்ட்ரூ வான், கேவின் ஷீட்ஸ், இவர்களோடு ஹிமேனஸ். ஃபர்ஸ்ட் பேஸ் ஒன்றுதான். மிச்சப்பட்டவர்களை எல்லைப் பக்கம், அவுட்ஃபீல்டில் நிறுத்தினார்கள். வேகமான அவுட்ஃபீல்டர் ஓடிப்போய்ப் பிடிக்கும் பந்து இவர்களுக்கு முன்னால் விழும். பிட்சர் செய்த வேலை அவுட் ஆகாமல் ஹிட் ஆகும். அவர் இன்னும் ஆறு பந்து கூடுதலாக எறிவார், ஐந்தாவது இன்னிங்ஸிலேயே களைப்பார். 2022இல் கொடுத்த ஓட்டம் 636இலிருந்து 717 ஆனதில் இதற்குப் பங்கு உண்டு. அத்தனைக்கும் அந்த ஆண்டு சீஸ் 2.20 சராசரியில் எறிந்து சிறந்த பிட்சருக்கான சை யங் விருதுப் பட்டியலில் இரண்டாம் இடம் பிடித்தார்.

மூன்றாவது, பேஸுக்குப் போகும் விகிதம் வீழ்ந்தது. பேஸ்பாலில் ஓட்டம் எடுக்க முதலில் ஆள் பேஸில் நிற்க வேண்டும். ஹிட் அடித்தோ, நான்கு தவறான பந்துகளை விட்டுவிட்டு இலவசமாக நடந்தோ போகலாம். நூறு முறை பேட் பிடித்தால் எத்தனை முறை பேஸுக்குப் போகிறார் என்பதே இந்த விகிதம். 32 நன்று, 36 மிக நன்று. 2021இல் கேட்சர் (விக்கெட் கீப்பர் போல பேட்டருக்குப் பின்னால் நிற்பவர்) யஸ்மானி கிராண்டலுக்கு 42, மொன்காடாவுக்கு 37.5. 2022இல் கிராண்டலுக்கு 30, மொன்காடாவுக்கு 27. இரண்டே பேரின் வீழ்ச்சி பேட்டிங் வரிசையின் நடுவில் ஒரு பள்ளத்தையே தோண்டிவிட்டது.

டோனி லா ரூசா என்ற மேனேஜர் மீது அந்த நாள்களில் பெரிய கோபம் இருந்தது. 2011க்குப் பிறகு எந்த அணியையும் நடத்தாத அவரை 76 வயதில் அழைத்து வந்தார்கள். 2022 ஆகஸ்ட் கடைசியில் இதயக் கோளாறால் விலகினார். அவர் எடுத்த சில முடிவுகள் தவறானவையே. ஆனால் மேனேஜர் எவ்வளவு தவறு செய்தாலும் 191 ஓட்டச் சரிவுக்கு அவரைக் காரணமாக்க முடியாது. ஆட்டத்துக்கு ஒரு ஓட்டத்துக்கும் மேல் வருகிறது அது. ஆள் பலம் குறைந்தால் மட்டுமே அவ்வளவு இறங்கும்.

2023இல் விற்பனை தொடங்கியது. ஜூலை இறுதி ஒரே வாரத்தில் ஜியோலிட்டோ, லோபஸ் இருவரும் ஏஞ்சல்ஸுக்கும், லின் டாட்ஜர்ஸுக்கும் போனார்கள். 2019இல் 0.335 என்ற ஹிட் விகிதத்தோடு லீக்கின் பேட்டிங் பட்டம் வென்ற டிம் ஆண்டர்சன், 2023இல் 0.245க்கு இறங்கி ஒரே ஒரு ஹோம் ரன்னோடு (சிக்ஸர் போல எல்லைக்கு வெளியே அடிப்பது) முடித்தார், அவரையும் விட்டுவிட்டார்கள். ஆகஸ்டில் கென் வில்லியம்ஸ், ரிக் ஹான் ஆகிய நிர்வாகிகள் நீக்கப்பட்டு கிறிஸ் கெட்ஸ் வந்தார். 2024 மார்ச்சில், சீசனுக்கு இரண்டு வாரம் முன்பு, சீஸும் சான் டியேகோவுக்குப் போய்விட்டார். அங்கே ஜூலையில் அவர் ஒரு ஹிட்கூட விடாத ஆட்டம் எறிந்தபோது, அவருடைய பழைய அணி தொடர் தோல்வியின் நடுவில் இருந்தது.

தினசரித் தோல்வி எப்படி இருக்கும்

2024 சீசன் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஹிமேனஸ், ராபர்ட், மொன்காடா மூவருமே காயப் பட்டியலில். மொன்காடா அந்த ஆண்டு முழுவதும் ஆடியது 12 ஆட்டம். அணி 3-22 என்று தொடங்கியது.

பேட்டிங்கைப் பாருங்கள். அணியின் பேஸுக்குப் போகும் விகிதம் 28ஐக்கூடத் தொடவில்லை. லீக் சராசரி 31. மூன்றுதானே குறைவு என்று தோன்றும். பேஸ்பால் ஓட்டம் சங்கிலி போன்றது. ஒரு இன்னிங்ஸில் மூன்று அவுட்டுக்குள் அடுத்தடுத்து மூன்று பேராவது ஏதாவது செய்தால்தான் ஓட்டம் வரும். ஒவ்வொரு கண்ணியும் பத்தில் ஒரு பங்கு பலவீனமானால், மூன்று கண்ணி சேர்ந்த சங்கிலி பத்தில் மூன்று பங்கு பலவீனமாகும். லீக்கில் ஆட்டத்துக்குச் சராசரி 4.4 ஓட்டம் வந்தபோது வைட் சாக்ஸுக்கு 3.1 வந்தது. கழித்துப் பார்த்தால் அதே பத்தில் மூன்று.

பிட்சிங் பக்கம் ஒரு கூட்டல். 162 ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ் வீதம் ஏறக்குறைய 1,458 இன்னிங்ஸ் எறிந்தாக வேண்டும். தொடங்கும் பிட்சர் ஐந்து இன்னிங்ஸ் எறிந்தால், மிச்ச நான்கும், சீசனுக்கு 648 இன்னிங்ஸும், ‘புல்பென்’ எனப்படும் மாற்று எறிபவர்களிடம் போகும். தொடங்குபவர் ஆறு இன்னிங்ஸ் தாங்கினால் அந்தச் சுமை 486ஆகக் குறையும். ஆகவே தொடக்க பிட்சர்களை விற்ற அணியில் புல்பென்னும் சேர்ந்தே உடையும். மூன்று நல்ல ரிலீவர்கள் இருந்தாலும் அவர்களை நாள்தோறும் எறியவிட முடியாது. நான்காவது, ஐந்தாவது ஆளிடம் ஒரு ஓட்ட முன்னிலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். கணிப்பைவிடக் குறைவாக வெல்லும் அணிகளில் பெரும்பாலும் இந்த இடம் ஓட்டையாக இருக்கும்.

கேரட் குரோஷேயின் நிலை இதைத் தெளிவாகக் காட்டும். 146 இன்னிங்ஸில் 209 ஸ்டிரைக்-அவுட், ஆல்-ஸ்டார் தேர்வு, 3.58 சராசரி. அவர் பெயரில் எழுதப்பட்ட வெற்றி தோல்வி மட்டும் 6-12. முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகு திரும்பிய அவர், அதற்கு முன் மேஜர் லீக்கில் மொத்தமே 73 இன்னிங்ஸ்தான் எறிந்திருந்தார். கையைக் காப்பாற்ற, சீசனின் பின்பாதியில் ஆட்டத்துக்கு நான்கு இன்னிங்ஸோடு நிறுத்தினார்கள். அந்த முடிவு சரியானது. ஆனால் அவர் இறங்கியதும் ஐந்து இன்னிங்ஸ் புல்பென்னின் தலையில் விழுந்தது.

ஜூலை 10இல் தொடங்கிய தொடர் தோல்வி 21 ஆட்டம் நீண்டது. மேஜர் லீக்கின் ஒரு பாதியான அமெரிக்கன் லீக்கில் 1988 பால்டிமோர் அணி வைத்த சாதனைக்குச் சமம். ஆகஸ்ட் 6 அன்று ஓக்லாந்தில் 5-1 என்று வென்றபோதுதான் அது முடிந்தது. இரண்டு நாளில் மேனேஜர் பெட்ரோ கிரிஃபோல் நீக்கப்பட்டார். அப்போது அணி 28-89. பின் வந்த கிரேடி சைஸ்மோரின் கீழ் 13-32. விகிதம் கொஞ்சம் ஏறியது. ஆனால் அதே வாரங்களுக்குச் சற்று முன்பு கோபெக், எரிக் ஃபெட்டி, ஹிமேனஸ் ஆகியோரும் விற்கப்பட்டுவிட்டதால் அந்த ஏற்றத்தை வைத்து யாரையும் எடை போட முடியாது.

எல்லாச் சரிவும் ஒன்றல்ல

1914இல் 99 ஆட்டம் வென்ற பிலடெல்பியா அத்லெடிக்ஸ் 1915இல் 43-109 என்று விழுந்தது. போட்டி லீக் ஒன்று அதிகச் சம்பளம் காட்டி ஆட்டக்காரர்களை இழுக்க, உரிமையாளரும் மேனேஜருமான கானி மேக் நட்சத்திரங்களை விற்றுவிட்டார். எடி காலின்ஸ் 50,000 டாலருக்குப் போனது இதே வைட் சாக்ஸுக்கு. 1997இல் உலகத் தொடரை வென்ற ஃபுளோரிடா மார்லின்ஸ் மறு ஆண்டே 54-108. அங்கும் சம்பளப் பட்டியலை உரிமையாளரே கலைத்தார். இவை ஒரே குளிர்காலத்தில் வெட்டப்பட்ட மரங்கள். வைட் சாக்ஸ் நின்றபடியே உள்ளே அரித்த மரம். வெட்டப்பட்டதை ஓட்டக் கணக்கு இல்லாமலே பார்க்கலாம். அரித்ததைப் பார்க்கத்தான் ஓட்டக் கணக்கு வேண்டும்.

வேறொரு அணியை நீங்களே சோதிக்க நினைத்தால், முதலில் மூன்று ஆண்டு ஓட்ட வித்தியாசத்தை அடுத்தடுத்து எழுதுங்கள்; எந்த ஆண்டு பெரிய இறக்கம் என்று பாருங்கள், வெற்றிப் பட்டியலைப் பிறகு பார்க்கலாம். அடுத்து, அதிக ஆட்டம் தொடங்கிய ஐந்து பிட்சர்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 140ஐத் தாண்டினால் அடுத்த ஆண்டு அது குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, நீண்ட ஒப்பந்தம் போடப்பட்ட பேட்டர்கள் எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று பாருங்கள். கடைசியாக, டிரிபிள்-ஏயில் ஷார்ட்ஸ்டாப், கேட்சர், சென்டர் ஃபீல்ட் ஆகிய மூன்று கடினமான இடங்களுக்கு ஆள் இருக்கிறார்களா என்று தேடுங்கள். வைட் சாக்ஸ் 2021இல் இரண்டாவது, மூன்றாவது கேள்விகளில் தவறியிருந்தது.

மோசமாக ஆடினால் கீழ் லீக்குக்கு இறக்கும் வழக்கம் மேஜர் லீக்கில் கிடையாது. ஈடாக டிராஃப்டில் முன்னுரிமை கிடைக்கும் என்பதே பொது விதி. ஆனால் லீக்குக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான 2022 ஒப்பந்தத்துக்குப் பிறகு, வருவாய்ப் பகிர்வில் பணம் கொடுக்கும் பெருநகர அணிகள் முதல் ஆறு இடத்துக்கான லாட்டரியில் அடுத்தடுத்த ஆண்டுகளில் தேர்வு பெற முடியாது. வைட் சாக்ஸ் 2024இல் ஐந்தாம் தேர்வைப் பெற்றிருந்ததால், 121 தோல்விக்குப் பிறகான 2025 டிராஃப்டில் அதற்குக் கிடைத்தது பத்தாவது இடம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க வந்த விதி, இந்த அணியின் மீள்வழியைக் குறுக்கிவிட்டது.

எனவே மீள்வது விற்பனையின் வழியாகத்தான் தொடங்கியது. 2024 டிசம்பரில் குரோஷே பாஸ்டனுக்குப் போக, பதிலாகக் கேட்சர் கைல் டீல், இன்ஃபீல்டர் சேஸ் மைட்ராத் உள்ளிட்ட நால்வர் வந்தார்கள். 2025 அணி 60-102 என்று முடிந்தது. மாற்று ஆட்டக்காரர் கோட்டுக்கு 12 ஆட்டம் மேலே. அந்தக் கோடையில் ஷார்ட்ஸ்டாப் இடத்துக்கு வந்த கோல்சன் மான்ட்கோமரி 71 ஆட்டத்தில் 21 ஹோம் ரன் அடித்தார். அவரை அணி டிராஃப்டில் எடுத்தது 2021இல், 93 வென்ற அதே ஆண்டில். ஆண்டர்சன் வீழ்ந்த 2023இல் அந்த இடத்தில் நிற்க ஆள் தேவைப்பட்டது. மான்ட்கோமரி அப்போது இன்னும் கீழ்நிலையான மைனர் லீக்கில் இருந்தார்.